நாலாம் நடைமேடையிலிருந்து போன புட்டி

அப்பாவின் நாக்கு குழறியதை வீட்டார் கேட்பதற்கு முன்பே பேருந்து நிலையம் கேட்டுவிட்டது. "நாலாம் நடைமேடையில்" என்று வர வேண்டியது, "நாயாம் நதைமேதையில்" என்று ஒலிபெருக்கியில் வந்தது. காத்திருந்த கூட்டம் சிரித்தது. "இன்னிக்கு மைக்கு நல்லா ஏத்திட்டு வந்திருக்காரு டோய்!" என்று யாரோ ஒருவன் கத்தினான்.

மைக்கு என்பது அப்பாவின் பட்டப்பெயர். நிலையத்தில் அவர்தான் அறிவிப்பாளர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு சொட்டு மது தொட்டதில்லை. அது ஒழுக்கத்தால் அல்ல, தொண்டைக்காக. குளிர்ந்த தண்ணீர், ஐஸ், மின்விசிறிக்கு நேர் கீழே தூக்கம், எல்லாமே அவருக்கு ஆகாதவை. வெந்நீர் நிரம்பிய குடுவை இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போக மாட்டார். "மத்தவனுக்குக் கைகால் முதல், எனக்கு இந்த நாலு விரக்கடைதான் முதல்" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டுவார். அம்மா விடமாட்டாள். "ஊருக்கெல்லாம் வண்டி சொல்லுவாரு. வீட்டுல உப்பு இல்லைன்னா வாயே திறக்காது."

அப்பா வீட்டில் அதிகம் பேசாததற்கு அறிவிப்பு அறையின் வழக்கமும் ஒரு காரணம். அங்கே சிவப்பு விளக்கு எரிந்தால் மைக் திறந்திருக்கிறது என்று பொருள். யாரும் வாய் திறக்கக் கூடாது. கண்ணாடிக்கு வெளியே நின்று டைம்கீப்பர் விரலால் செய்தி சொல்வார். எத்தனை விரலோ அத்தனையாம் நடைமேடை. முஷ்டி என்றால் வண்டி வந்துவிட்டது. கட்டைவிரல் பின்னால் சாய்ந்தால் தாமதம். உள்ளங்கையைக் கவிழ்த்தால் வண்டி போய்விட்டது, இனி அதைப் பற்றிப் பேச்சில்லை. கடைசிச் சைகையை மட்டும் அப்பா வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அம்மா சண்டையை ஆரம்பித்துச் சூடு பிடிக்கும் நேரத்தில் மேசைமேல் உள்ளங்கையைக் கவிழ்ப்பார். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும், மகளிடம் திரும்புவாள். "கவுத்துட்டாருடி! நான் என்ன பஸ்ஸா?"

அன்று காலையிலேயே ஒரு அறிகுறி இருந்தது. "எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றார் அப்பா.

"நானுமா?" என்றாள் அம்மா.

"ஆமா. ஒண்ணையே சமாளிக்க முடியல."

சிரித்துவிட்டார்கள். மகளும் போனில் கேட்டுச் சிரித்தாள். மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அவள் மருந்துக் கிடங்குகளின் குளிர் அறைகளைப் பராமரிப்பவள். அறையின் குளிர் எட்டு டிகிரியைத் தாண்டி ஏறினால் அவள் போனில் மணி அடிக்கும். அப்பாவுக்கு அப்படி ஒரு மணி கிடையாது.

சாயங்காலம் குரல் குழறியது. மறுநாள் விடிவதற்குள் இமைகள் இரண்டும் தொங்கிவிட்டன. வாயில் ஊற்றிய வெந்நீர் உள்ளே இறங்காமல் மூக்கு வழியே வந்தது. மருத்துவமனையில் முதலில் பார்த்த இளம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "குடிப்பாரா?"

"வெந்நீர் குடிப்பார்" என்றாள் அம்மா.

பக்கவாதம் என்று நினைத்து மூளையைப் படம் எடுத்தார்கள். படத்தில் ஒன்றும் இல்லை. காய்ச்சல் இல்லை. இரண்டு இமையும் ஒரே அளவில் தொங்கின. அப்பாவுக்கு எல்லாம் புரிந்தது, கேட்டதற்கெல்லாம் விரலை அசைத்தார். பலவீனம் மட்டும் நெற்றியிலிருந்து கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மகள் மானிட்டரில் மூச்சின் எண்ணைப் பார்த்தபடி நின்றாள். எண்களைப் பார்த்துப் பழகியவள். அது இறங்கும் விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மூத்த டாக்டரம்மா வந்தார். இமைகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கடைசியா என்னென்ன சாப்பிட்டார்?" என்றார்.

அம்மா நிமிர்ந்தாள். "என் சமையல்ல ஒண்ணும் இல்லம்மா. நானும் அதையேதான் சாப்பிட்டேன். குத்துக்கல்லாட்டம் நிக்கறேன், பாருங்க."

"உங்களைச் சொல்லலம்மா. வெளியில ஏதாவது? டப்பாவுல, புட்டியில அடைச்சது?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. மகளும் யோசித்துப் பார்த்தாள். அப்பாவின் நாளில் பாதி அந்தக் கண்ணாடி அறையில் கழிகிறது. அந்தப் பாதியைப் பற்றி வீட்டுக்கு எதுவும் தெரியாது. அப்பாவின் தொண்டையில் குழாய் இறக்கிக்கொண்டிருந்தபோது அவள் பேருந்து நிலையத்துக்கு ஓடினாள்.

டைம்கீப்பர் அறையைத் திறந்துவிட்டார். நாற்காலி, மைக், குடுவை. பின்சுவர் அலமாரியில் ஆம்ப்ளிஃபையர். அதன் பின்னால் குடித்து முடித்த ஒரு கேரட் ஜூஸ் புட்டி, அடியில் ஒரு விரல் ஆழத்துக்கு மிச்சம். அவள் ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம் கை வைத்தாள். கதகதவென்றிருந்தது. முப்பத்தைந்துக்குக் குறையாது என்று அவள் உள்ளங்கை சொன்னது.

"கண்ணுக்கு நல்லதுன்னு கண்ணாடிக் கடைக்காரர் சொன்னாராம்" என்றார் டைம்கீப்பர். "ஐஸ்பெட்டியில இருந்து வாங்கிட்டு வந்தாரு. ஜில்லுனு குடிச்சா தொண்டை போயிடும், சூட்டுல கிடக்கட்டும்னாரு. பத்து நாளாவது கிடந்திருக்கும்."

"கெட்டுப்போயிருக்குமேன்னு நீங்க சொல்லலையா, மாமா?"

"சொன்னேனே! சீல் உடையாமத்தான் இருந்திச்சுப்பா, இப்பதான் திறந்தேன், மோந்து பாரு, புளிச்சா தெரியாதான்னாரு. நானும் மோந்தேன். நல்லாத்தான் இருந்திச்சு."

புட்டியின் கழுத்தில் கடுகெழுத்தில் அச்சிட்டிருந்தது: எப்போதும் குளிரில் வைக்கவும். அவள் அதைப் படித்துக்கொண்டே அலமாரியைப் பார்த்தாள். தூசியில் இரண்டு வட்டங்கள் இருந்தன. இரண்டும் ஒரே அளவு.

"மாமா, இன்னொரு புட்டி எங்க?"

அவருக்குத் தெரியவில்லை. குப்பைக்கூடையில் இல்லை. மேசை இழுப்பறையில் இல்லை. வீட்டுக்குப் போன் போட்டாள், அங்கும் இல்லை. அப்பா எதையும் தனியாகத் தின்னும் ஆள் அல்ல. யாருக்கோ கொடுத்திருக்கிறார்.

டாக்டரம்மா புட்டியை உறையில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார். "பொட்டுலிசம்னு நினைக்கிறேன், சாப்பாட்டுல ஒரு கிருமி விடற விஷம். இந்தக் கிருமியோட வித்து சூடு பண்ணினாலும் சாகாது. குளிர்ல சும்மா தூங்கும். காத்துப் புகாத புட்டி, புளிப்பில்லாத சாறு, கூடவே வெதுவெதுப்பு கிடைச்சா முளைச்சு விஷம் விடும். வாசனை மாறணும்னு இல்ல, ருசியும் மாறணும்னு இல்ல. முறிமருந்து சொல்லி அனுப்பியாச்சு. ஆனா அது இனிமே பரவற விஷத்தைத்தான் பிடிக்கும். நரம்புல ஏறினதை இறக்காது."

"ரெண்டாவது புட்டி யார்கிட்டயோ இருக்கு, டாக்டர்."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றுவதை நிறுத்தினார். "குடிச்சிருந்தா உடனே இங்க வரணும். குடிக்கலைன்னா ஒரு வாய்கூடப் போகக்கூடாது. கண்டுபிடி."

அதைச் சொல்ல ஒரே ஒருவரால் முடியும். அவர் தொண்டையில் குழாயோடு கிடந்தார். மகள் பேனா கொடுத்துப் பார்த்தாள். இமை திறக்காத கண்ணுக்குத் தாள் தெரியவில்லை. பேனா நழுவி விழுந்தது. அவள் அவர் காதோடு குனிந்தாள்.

"அப்பா, இன்னொரு ஜூஸ் புட்டி. யாருக்காவது குடுத்தீங்களா?"

மானிட்டரில் இதயத் துடிப்பு ஏறியது. அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தப் புட்டியில் என்ன இருக்கிறது என்பதும், தான் அதைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்ததும் இப்போது சேர்ந்தே புரிந்துவிட்டது. குழாயின் ஓரத்தில் உதடு துடிக்கப் பார்த்து, துடிக்க முடியாமல் நின்றது.

வலது கை மெல்ல எழுந்தது. கட்டைவிரல் மடங்கியது, நான்கு விரல்கள் நின்றன.

"நாலு" என்றாள் அம்மா, கட்டிலின் மறுபக்கத்திலிருந்து. "நாலு பேருக்கா? ஐயோ கடவுளே."

"இரும்மா. நாலாம் நடைமேடை."

உள்ளங்கை கவிழ்ந்தது. போன வண்டி. பிறகு விரல்கள் நடுங்கி நடுங்கி ஒன்றுகூடி, கட்டைவிரல் பின்னால் சாய்ந்தது.

"லேட்டாப் போனது" என்றாள் மகள். அவள் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தாள். "மாமா, அப்பா ஜூஸ் குடிச்ச அன்னிக்கு நாலாம் நடைமேடையில எந்த வண்டி லேட்டு?"

"அது... டயர் மாத்தினாங்களே, நம்ம ஹாரன் வண்டி!" அடித்துக்கொண்டே போவதால் அந்த ஓட்டுநருக்கு அந்தப் பெயர். "ராத்திரி எதிர் வெளிச்சம் கூசுதுன்னு மைக்குகிட்ட புலம்பிட்டிருந்தான்மா."

ஹாரன் அப்போது சாலையில் இருந்தார். ஓட்டும்போது போனை அணைத்து வைக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் கட்டளை. அந்த ஒழுங்கை மகள் வாழ்க்கையில் முதல்முறையாகச் சபித்தாள். அடுத்த நிலையத்தின் டைம்கீப்பருக்குச் செய்தி போனது. வண்டி அங்கே சேரும்வரை அவள் நடைவழியில் நடந்தாள். அம்மா நடக்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "புட்டியை எடுத்துடுவாங்க, எடுத்துடுவாங்க" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

போன் அடித்தது. "நான் குடிக்கலம்மா" என்றார் ஹாரன். "பொண்ணுக்கு ஆகட்டும்னு நேத்து வீட்டுக்குக் கொண்டு போனேன். ஏன், என்னாச்சு?"

அவர் மனைவியின் எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் முறை எடுத்தார்.

"ஜூஸா? காலையிலயே திறந்து ஊத்திக் குடுத்தேங்க. கழுதை, ஜில்லுனு இல்ல, எனக்கு வேணாம்னு தள்ளிடுச்சு. அப்படியே புட்டியில ஊத்தி ஃபிரிட்ஜுல வச்சிருக்கேன். இப்ப ஸ்கூல் விட்டு வந்ததும்..."

"குடுக்காதீங்க. நீங்களும் வாயில வைக்காதீங்க. ஜில்லுனு ஆனாலும் அந்த விஷம் போகாது."

"வாசல்ல செருப்புச் சத்தம் கேக்குது. இருங்க!" போன் எங்கோ விழுந்தது. ஓட்டம், கதவு, ஒரு குழந்தையின் சிணுங்கல். பிறகு மூச்சிரைக்க, "எடுத்துட்டேன். தொடல. யாரும் தொடல."

மகள் உள்ளே வந்தாள். அப்பாவின் காதோடு, "கிடைச்சிடுச்சுப்பா. யாரும் குடிக்கல. ஒரு சொட்டுகூட" என்றாள்.

மானிட்டரில் துடிப்பின் எண் இறங்கியது. இந்த முறை இறங்க வேண்டிய எண்.  அப்பா கையை அரை அங்குலம் தூக்கி, போர்வைமேல் உள்ளங்கையைக் கவிழ்த்தார்.

அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. மறுநாள் விரல்களும் நின்றுவிட்டன. முறிமருந்து தன்னால் முடிந்ததைச் செய்தது. இயந்திரம் வாரக்கணக்கில் மூச்சு விட்டது. நரம்புகள் தளிர்க்க மாதங்கள் வேண்டும் என்றார்கள். நுரையீரலில் ஏறிய சளி அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை.

எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிட்டு நர்ஸ் வெளியே போனபோது, அந்தக் கை போர்வைமேல் கவிழ்ந்தே இருந்தது. அம்மா அதைப் பார்த்தாள்.

"கவுத்துட்டாருடி" என்றாள்.

பிறகு குனிந்து, அந்தக் கையை மெல்லத் திருப்பி, உள்ளங்கை மேலே பார்க்க வைத்து, அதற்குள் தன் கையை வைத்துக்கொண்டாள். "இருங்க. நான் இன்னும் பேசி முடிக்கல."