பின்கதவும் ஒரு ‘நோ’வும்

நூற்று எழுபத்து மூன்று நாள். இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். சட்டைத் தொழிற்சாலையில், தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் செக்கராக இருந்த ஒருத்தி இங்கிலீஷ் பேசப் பழகியது அத்தனை நாள். பேசவேண்டிய அன்று அவள் வாயிலிருந்து வந்தது ஒரே சொல். அதுவும் தப்பு.

பள்ளிப் படிப்பை முடித்தவள். இங்கிலீஷ் வாசிப்பாள், எழுதுவாள். பேசச் சொன்னால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வந்தால் மேனேஜரே மொழிபெயர்ப்பார். தொழிலாளி “மூச்சு முட்டுதுங்க” என்பாள். “காற்றோட்டம் நன்றாக இருக்கிறதாம்” என்று இங்கிலீஷில் சொல்வார் அவர். செக்கருக்கு எல்லாம் புரியும். தலையைக் குனிந்துகொண்டு பொத்தான் எண்ணுவாள்.

தையல் தளத்துக்கு இரண்டே வழி. முன்வாசல், பின்கதவு. சட்டை திருட்டுப் போகிறதென்று வேலை நேரம் முழுக்கப் பின்கதவுக்குப் பூட்டு. ஆய்வு நாளில் மட்டும் திறப்பார்கள். ஒருமுறை இஸ்திரி மேசையில் புகை கிளம்பியது. அத்தனை பேரும் முன்வாசலில் முட்டி மோதியதில், காலர் தைக்கிறவளுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது.

“வாசிக்கத் தெரியுதுல்ல? அப்ப பேசித் தொலையேண்டி” என்றாள் அவள், கையில் கட்டோடு.

அன்றே பழக்கம் தொடங்கியது. டீ இடைவேளையில் காலர்காரிதான் ஆய்வாளர். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துகூடத் தெரியாது. விரல்களை வளைத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு தமிழில் கேட்பாள்.

“ஏம்மா, பின்கதவு பூட்டியிருக்கா?”

“யெஸ் மேடம். டோர் இஸ் லாக்டு. எவ்ரி டே.”

“எம்மாடி! நம்ம மேனேஜர் உங்கிட்ட டியூஷன் வரணும்டி.”

பதிலெல்லாம் தண்ணீர்பட்ட பாடு ஆனது. கேள்வியை மட்டும் யாரும் இங்கிலீஷில் கேட்கவேயில்லை.

நூற்று எழுபத்து மூன்று நாள் பழகிய பிறகு, ஆய்வுக்குத் தமிழ் தெரியாத ஓர் அம்மா வந்தார். மேனேஜரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, தையல் தளத்தில் இங்கிலீஷ் தெரியும் என்று கை தூக்கிய செக்கரை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். வரும் வழியில் பின்கதவு திறந்து கிடந்ததைப் பார்த்திருந்தார். அதனால் கேள்வி இப்படி வந்தது:

“ஸோ, தி பேக் டோர் இஸ் நாட் லாக்டு வென் யூ வொர்க்?”

வேலை நேரத்தில் கதவைப் பூட்டுவதில்லையா? செக்கருக்குச் சுர்ரென்று ஏறியது.

“நோ! நோ மேடம்!” மேசையைத் தட்டியே சொன்னாள். அதற்கடுத்துப் பழகிவைத்த வாக்கியம் வரவில்லை. அந்த அம்மா சிரித்தார். “குட்” என்று எதையோ குறித்துக்கொண்டார்.

வெளியே வந்து, “போட்டு உடைச்சிட்டேன்” என்றாள். காலர்காரி கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து அறிக்கையை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். எல்லோருக்கும் அவள்தான் வாசித்துச் சொன்னாள். பின்கதவு வேலை நேரத்தில் பூட்டப்படுவதில்லை, தொழிலாளரே உறுதி செய்தார்.

“அந்தப் பொம்பளையும் மேனேஜரும் கூட்டுக் களவாணிங்க!” என்று கத்தினாள். எல்லாரையும்விட அதிகம் திட்டியது அவள்தான்.

மறுநாள் காலை பஸ்ஸில் கண்டக்டர் அவளைப் பார்த்து, “என்னம்மா, டிக்கெட் எடுக்கலையா?” என்றார்.

“இல்லண்ணே, எடுத்துட்டேன்.”

சொன்ன வாய் சொன்னபடியே நின்றுவிட்டது. தமிழில் அந்த ‘இல்லை’ கேட்டவரை மறுக்கிறது: நீங்கள் நினைப்பது சரியில்லை, நான் எடுத்துவிட்டேன். அன்றைக்கு அவள் சொன்ன ‘நோ’வும் அதே ‘இல்லை’தான். இங்கிலீஷ்காரி காதில் அது எப்படி விழும்? நோ, பூட்டுவதில்லை. ‘யெஸ், பூட்டுகிறார்கள்’ என்றல்லவா ஆரம்பித்திருக்க வேண்டும்?

இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. ‘தொழிலாளர்’ என்று அறிக்கையில் இருந்தது அவளேதான். குற்றமில்லாத ஒருத்தியைத் திட்டியதும் அவளேதான். மூன்று நாள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. டீ இடைவேளையில் கழிப்பறைக்குள் போய் நின்றுகொண்டாள். பக்கத்து மெஷின்காரி அந்த ஆய்வாளரைத் திட்டினால் இவளும் ஆமாம் போட்டாள். அதை நினைத்தால்தான் உடம்பு கூசியது.

நான்காம் நாள் காலர்காரி கழிப்பறைக் கதவைத் தட்டினாள். “உள்ளயே குடித்தனமா? வெளிய வாடி.”

வந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

காலர்காரி முதலில் சிரித்துவிட்டாள். “ஒத்த நோவுக்கா இந்தப் பாடு?” பிறகு சிரிப்பு நின்றது. வலிக்கும் தோளைத் தடவிக்கொண்டாள். “அப்ப நீதான் பூட்டு போட்டுட்ட.”

செக்கர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அழுவாத. போர்டுல ஒட்டின காகிதத்துல கீழ ஒரு போன் நம்பர் இருந்துச்சே?”

“போன்ல இங்கிலீஷா? முகத்தைப் பாத்தே வரலக்கா.”

“முகம் தெரியாதுல்ல, அப்ப வெக்கம் எதுக்கு?”

வேலை விட்டதும் பஸ் நிறுத்தத்தில் நின்று போன் போட்டாள். மறுமுனையில் அந்த ஆய்வாளர் அம்மாவின் குரல். “ஹலோ?” இரண்டாம் முறை கேட்டது. காலர்காரி முழங்கையில் கிள்ளினாள்.

“மேடம், ஐ... ஐ செக்கர். ஐ டோல்ட் நோ. மை நோ இஸ் ராங்.” பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முகம் எரிந்தது. நிறுத்தவில்லை. “யெஸ், லாக்டு. வொர்க்கிங் டைம், லாக்டு.”

மறுமுனையிலிருந்து மெதுவாக ஒரு கேள்வி வந்தது.

“என்னடி கேக்குறா?”

“பூட்டுன கதவுக்குள்ள எத்தனை பேருன்னு.”

செக்கர் போனை வாயருகே கொண்டுபோனாள்.

“டூ ஹண்ட்ரட் அண்ட் சிக்ஸ்டீன்.”