பச்சைச் சேலையைத் தேடிய சனிக்கிழமை

1996ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஐரோப்பியப் பாட்டுப் போட்டி நடந்தது. உண்மையான போட்டி அதற்குச் சரியாக நாலு வாரம் முன்னர் ஒஸ்லோவில் நடந்து முடிந்திருந்தது. அது கனடாவில் எங்கள் ஸ்காபரோவுக்கு வந்து சேர அவ்வளவு காலம் எடுத்தது. என் மனைவி இன்றைக்கும் எங்கள் விருந்து மே மாதத்தில் நடந்ததாகத்தான் சொல்கிறாள். அந்த ஆண்டின் நாட்குறிப்பு என்னிடம் இருக்கிறது. ஜூன்தான்.

ஒஸ்லோவில் இருந்தவள் மனைவியின் ஒரே தங்கை. இருவரும் 1985இல் கொழும்பு விமான நிலையத்தில் பிரிந்தவர்கள். கனடாவுக்கு நாங்கள் வந்தோம், நோர்வேக்கு அவள் போனாள். கடிதங்கள் வந்தன, ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி வந்தது, படங்களும் வந்தன. அவளுடையது பதிவுத் திருமணம் என்பதால் வீடியோ இல்லை. பதினொரு வருடமாகத் தங்கை நடப்பதையோ திரும்பிப் பார்ப்பதையோ மனைவி காணவில்லை. படம் வரும்போதெல்லாம் ஒரு தரம் பார்த்துவிட்டு அல்பத்துக்குள் வைப்பாள். "படத்துக்கு எல்லாரும் ஒரே முகம்தான் வைக்கினம்" என்பாள்.

அந்த வருடம் ஏப்ரலில் தங்கையின் கடிதம் வந்தது. வேலையிடத்துத் தோழி ஒருத்தி போட்டிக்கு நுழைவுச்சீட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறாளாம். "பச்சைச் சேலை உடுத்துக்கொண்டு போவன் அக்கா. அந்த மண்டபத்திலை சேலையோடை நான் ஒருத்திதான் இருப்பன், தேடிப் பிடி" என்று எழுதியிருந்தாள். எங்கள் தொலைக்காட்சியில் அந்தப் போட்டி வராது. அவளுடைய கணவர் வீட்டிலிருந்து பதிவுசெய்து கசெற்றைத் தபாலில் போடுவதாக ஏற்பாடு.

நாங்கள் இருவரும் மகளும் இருந்து பார்ப்போம் என்று நான் நினைத்திருந்தேன். மனைவி வேறு முடிவு எடுத்திருந்தாள்.

"தனிய இருந்து பாத்தால் நான் அழுதுபோடுவன். ஆக்கள் இருந்தால் சிரிப்பன். கொஞ்சப் பேரைக் கூப்பிடுவம்."

கூப்பிட்டதோடு நிற்கவில்லை. ஆர் ஆருக்கு எந்த நாட்டில் சகோதரங்கள் இருக்கினமோ, அவர்கள் அந்த நாட்டு உடுப்பில் வரவேண்டும் என்று கட்டளையும் போட்டாள். பல நாடுகளில் சிதறிப்போனதை நாங்கள் எல்லோரும் ஒரு துக்கமாகவே பேசிப் பழகியவர்கள். அதை வைத்து ஒரு மாறுவேட விருந்து செய்யலாம் என்பது அவளுக்கு மட்டுமே தோன்றக்கூடியது.

ஐரோப்பியக் கசெற் கனடா டெக்கில் ஓடாது. போட்டால் படம் உருளும், கோடு கோடாகக் கிழியும். லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வரும் கலியாணக் கசெற்றுகளை இந்த நாட்டு முறைக்கு மாற்றிக் கொடுக்க அஜின்கோர்ட்டில் ஒரு வீடியோக் கடை இருந்தது. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்ன கொப்பி அண்ணை? கலியாணமோ, சாமத்திய வீடோ?" என்று கடைக்காரர் கேட்டார்.

"பாட்டுப் போட்டி."

"முழுக்க வேணுமோ?"

"பாட்டு எல்லாம் வேணும்" என்றேன்.

நாட்குறிப்பில் இந்த உரையாடல் அப்படியே இருக்கிறது. எழுதும்போது எனக்கு அதில் பிழை எதுவும் தெரியவில்லை. மூன்று நாள் கழித்துப் புதிய கசெற்றை வாங்கிவந்தேன், மூலக் கசெற்றைக் கடையிலேயே மறந்துவிட்டேன். முன்கூட்டியே ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம் என்று சொன்னதற்கு மனைவி சம்மதிக்கவில்லை. எல்லோரும் வந்த பிறகுதான் என்று கசெற்றை அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவில் வைத்துவிட்டாள்.

பிற்பகல் இரண்டு மணிக்கு நாடுகள் வரத் தொடங்கின. தம்பி சுவிஸில் இருக்கும் மேல்மாடி அன்ரி, சாமியறை மணியைச் சிவப்பு ரிபனில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்த நாட்டு மாடு போலக் கிலுக்கிக்கொண்டு வந்தார். பிரான்ஸ், கையில் நீளப் பாண் ரொட்டியோடு வந்தது. லண்டனாக மூன்று பேர், மூவரிடமும் குடை. மனைவி நோர்வே. ஜூன் வெக்கையில் தடித்த சிவப்புக் கம்பளிச் சுவெற்றரும் பனிச்சப்பாத்தும் போட்டு, வியர்வை வழிய, மீன் கட்லெட் பரிமாறினாள்.

என்னோடு வேலைசெய்த அண்ணை ஒருவர் கடைசியாக வந்தார். நீல ஏப்பிரன், முழங்கை வரை மஞ்சள் றப்பர் கையுறை.

"அண்ணை, உது என்ன நாடு?" என்று மனைவி கேட்டாள்.

"ஜேர்மனி. என்ரை தம்பி பத்து வரியமா உந்த உடுப்போடைதான் கோப்பை கழுவுறான்."

அவரே முதலில் சிரித்தார். உடுப்புக்கான பரிசை மனைவி அந்த இடத்திலேயே அவருக்குக் கொடுத்துவிட்டாள்.

பாவம், அந்த ஆண்டு ஜேர்மனி இறுதிப் போட்டிக்குத் தெரிவாகவில்லை. கசெற்றோடு தபாலில் வந்த நாடுகளின் பட்டியலைப் பார்த்து நான் சொன்னதும் அண்ணை கையுறையை உதறினார். "உடுத்துக்கொண்டு வந்திட்டன், நாட்டைக் காணேல்லையே!"

கசெற் ஓடத் தொடங்கியது. பாட்டுப் போட்டியை நாங்கள் பார்த்த முறை பாடியவர்களுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார்கள். கலியாண வீடியோக் கொப்பி பார்க்கும் பழக்கம் எங்களுக்கு. மணவறையில் நடப்பதை விட்டுவிட்டு, யார் வந்திருக்கிறார்கள், என்ன உடுத்திருக்கிறார்கள் என்றுதான் பார்ப்போம். அன்றைக்கும் மேடையில் ஒருத்தி உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருக்க, எங்கள் கண் எல்லாம் பின்னால் இருட்டில் இருந்த சனத்தில்.

"நிப்பாட்டு, நிப்பாட்டு! பச்சை!"

அது ஒரு வெள்ளைக்காரியின் கோட். அடுத்த பச்சை மேடை வெளிச்சம். மூன்றாவது, பூச்சாடி. பார்வையாளர்களைக் காட்டிய நிமிடங்களை நான் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தேன். பாட்டு நடக்கும்போது சனத்தை அதிகம் காட்டவில்லை. "புள்ளி போடேக்கைதான் சனத்தைக் காட்டுவாங்கள்" என்று மனைவி பொறுமையாக இருந்தாள்.

கடைசிப் பாட்டு முடிந்தது. கைதட்டல் எழுந்தது. உடனே திரையில் இரண்டு றோசாப்பூக்கள் சுழன்று வந்தன. நடுவில் எழுத்து: "நன்றி. வணக்கம்."

நான் கடைக்கு அழைத்தேன்.

"பாட்டு முடிஞ்சுதுதானே அண்ணை" என்றார் கடைக்காரர். "அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாடா இருந்து நம்பர் வாசிக்கினம். தாலி கட்டினாப் பிறகு கொப்பியை ஆர் பாக்கினம்? ரண்டு மணித்தியாலக் கசெற்றுக்குள்ளை அடங்கவும் வேணுமெல்லோ. நீங்கள்தானே பாட்டு வேணுமெண்டியள்."

மூலக் கசெற் பத்திரமாக இருந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமைக்கு முன் மாற்றித்தர முடியாது என்றார்.

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன். மாடு, பாண், குடைகள் எல்லாம் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தச் சிவப்புச் சுவெற்றரோடு அவள் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நம்பர்தானே இல்லை? நாங்களே வாசிப்பம். எல்லா நாடும் வரிசையா இருங்கோ."

வாசித்தோம். ஒன்றிலிருந்து எட்டு, பிறகு பத்து, பன்னிரண்டு. சொந்த நாட்டுக்குப் போடக்கூடாது. மூன்று லண்டன்களும் தங்களுக்குள் அடிபட்டு ஒரு முடிவுக்கு வர நேரமெடுத்தது. நோர்வேயின் முறை வந்தபோது மனைவி தலையாட்டினாள்.

"நோர்வே நான் இல்லை. நோர்வே அங்கை இருக்கு."

ஒஸ்லோவுக்கு அழைத்து, ஸ்பீக்கர் பொத்தானை அமத்தினாள். விஷயத்தைக் கேட்டுத் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எங்களுக்கே பன்னிரண்டையும் போட ஏலாதோ அக்கா?"

"ஏலாது. சட்டம்."

"ஜேர்மனிக்குப் போடுங்கோ தங்கச்சி!" என்று அண்ணை கத்தினார்.

"ஜேர்மனிதான் வரேல்லையே அண்ணை!"

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, புள்ளிகளை முதலில் நோர்வே மொழியில் வாசித்தாள், அடுத்துத் தமிழில். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கேட்ட தங்கை வேறு. இவள் ஒரு நாட்டின் சார்பில், தயக்கமில்லாமல், கணீரென்று பேசினாள். மணியைக் கிலுக்கிக்கொண்டிருந்த அன்ரிகூடக் கையை எடுத்துவிட்டார்.

"வடிவாக் கதைக்கிறாள், என்ன?" என்று மனைவி என்னிடம் மெல்லக் கேட்டாள். வாசித்து முடிந்ததும் முதலில் கைதட்டியவளும் அவள்தான்.

செவ்வாய் மாலை மிச்சக் கசெற் வந்தது. அன்றைய வேலை முடிந்து நாங்கள் மூவரும் களைத்திருந்தோம், ஆனாலும் உடனே போட்டோம். முப்பத்தெட்டாவது நிமிடத்தில், யாருக்கோ பன்னிரண்டு விழுந்தபோது, கமெரா சனத்தின் மேலால் போனது. இடது ஓரத்தில் பச்சைச் சேலை, அதன் மேல் ஒரு சாம்பல் கார்டிகன். பக்கத்துப் பெண்ணின் தோளில் தட்டி ஏதோ சொல்லிச் சிரித்தாள். மூன்று விநாடி.

"That's சித்தி!" என்றாள் மகள்.

மனைவி பொத்தானை அமத்தினாள். படம் நடுங்கியபடி நின்றது. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள்.

"மெலிஞ்சிட்டாள்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இது படத்துக்கு வைச்ச முகம் இல்லை" என்றாள்.

அழவில்லை. தொலைபேசியை எடுத்தாள்.

"சுவிஸ் அன்ரியோ? ஓம், நோர்வே கதைக்கிறன். கண்டிட்டன்."

அடுத்து பிரான்ஸ். பிறகு மூன்று லண்டன். கடைசியாக ஜேர்மனி.