நீல வானில் மூன்று பேர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் கொட்டாஞ்சேனையில் ஹியூபேட்டைத் தெரிந்த எவரும் அவரைப் பொய்க்காரன் என்று சொல்லமாட்டார்கள். இருபது வருசம் வாடகை வான் ஓடினவர். குடி இல்லை. பேய், பிசாசு என்று யாராவது தொடங்கினால் வாய்விட்டுச் சிரிக்கிற மனுசன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் சிரிப்பதில்லை. இதில் வருகிற நேரங்கள் எல்லாம் அவர் சொன்ன நேரங்கள். நான் ஒரு நிமிஷம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இன்னொன்று... இது இராத்திரியில் நடந்ததும் இல்லை. பட்டப்பகல்.

2007, ஒக்டோபர் மாதம். ஹியூபேட்டின் வான் முதலில் வெள்ளை நிறம். அந்த நாட்களில் வெள்ளை வானைக் கண்டாலே சனம் கதவைச் சாத்திவிடும். ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவராத வான்கள் எல்லாம் அந்த நிறம்தான். ஹயருக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. அதனால் நீலம் அடித்தார்.

அதே ஒழுங்கையில் மூன்று வீடு தள்ளி பிறிஜெற் இருந்தா. புருஷன் செத்து பத்து வருசம். ஒரே மகன் நோபேட், பத்தொன்பது வயது. வெள்ளவத்தையில் ஒரு ரெலிபோன் கடையில் வேலை. செவ்வாய் இரவு கடை பூட்டப் பிந்திப் போனதால் கூட்டாளியின் லொட்ஜில் படுத்தான். விடிய நாலு மணிக்கு ஆமியின் சுற்றிவளைப்பு. பிடித்துக்கொண்டு போனவர்களில் மற்ற எல்லாரையும் அன்று பின்னேரமே விட்டார்கள். நோபேட் மட்டும் வரவில்லை. எங்கே போய்க் கேட்டாலும் ஒரே பதில். அப்படி ஒருத்தர் இங்கே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை 11.20க்கு பிறிஜெற்றுக்கு ஒரு போன் வந்தது. நம்பர் விழவில்லை. ஆண் குரல். "உங்கட மகன் களுத்துறைக்கு அங்கால ஒரு முகாமில இருக்கிறான். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோட நாலு மணிக்கு முதல் வாங்கோ. நாலு மணிக்குப் பிறகு வேற இடத்துக்கு மாத்திடுவினம்."

அவ்வளவுதான். கட்டாகிவிட்டது.

பிறிஜெற் செருப்புக்கூடப் போடாமல் மழைக்குள் ஓடிவந்து ஹியூபேட்டின் வாசலில் நின்றா. "தம்பி, வானை எடு" என்றா. பிறகு போனில் கேட்டதை அப்படியே ஒப்புவித்தா.

ஹியூபேட் எடுத்தார். ஆனால் வானில் ஒரு பழுது இருந்தது. ஏசி காற்றை ஊதுகிற புளோவர் இரண்டு கிழமையாக வேலை செய்யவில்லை. வெயில் நாளில் வியர்வையோடு போகும். மழை நாளில்தான் ஆபத்து. உள்ளே இருக்கிறவர்களின் மூச்சுப் பட்டு முன்கண்ணாடி முழுக்கப் பனிமூட்டம் போலப் புகார் பிடித்துவிடும். ஊதிக் காயவைக்கக் காற்று இல்லை. நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தார்.

11.45. மருதானைப் பக்கம் திரும்பும்போது கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. ஒரு கையால் ஸ்டியரிங், மறு கையால் துடைப்பு. துடைத்த இடத்தில் திடீரென்று ஒரு ஆமிக்காரன் தெரிந்தான். ஹியூபேட் பிரேக்கை மிதித்தார். துவக்கின் நுனி பொனட்டில் முட்டிக்கொண்டு நின்றது.

"பேன்னே நெத்த?" என்று கத்தினான். கண் தெரியாதா என்று கேட்டான். ஹியூபேட் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். புகார் பிடித்த கண்ணாடியை அவன் ஒரு தரம் பார்த்தான். ஏதோ திட்டிவிட்டுப் போகச் சொன்னான்.

"அக்கா, இதோட களுத்துறைக்குப் போக ஏலாது" என்றார் ஹியூபேட். "அடுத்த ஆமிச் சென்றியில சுட்டுப்போடுவாங்கள். வேற வான் பிடிப்பமா?"

"வேற ஆர் வருவினம்?"

ஹியூபேட் துணியால் கண்ணாடியை இன்னொரு தரம் துடைத்தார். பஞ்சிகாவத்தைக்குத் திருப்பினார்.

அங்கே ஸவாஹிர் என்று ஒரு வாகன எலக்ட்ரீசியன். ஹியூபேட்டுக்குப் பழக்கம். டாஷ்போட்டின் இடது பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார், டெஸ்டர் பிடித்தார். "மோட்டர் நல்லம். அத ஓட்டுற மொடியூல்தான் பத்தியிருக்கு." உள்ளங்கை அளவில் ஒரு பழைய மொடியூலைத் தட்டிலிருந்து எடுத்துத் தந்தார். பின்னால் அலுமினியப் பற்கள் வைத்த சின்னப் பெட்டி. புளோவர் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான்.

"ஆனா எனக்கு ஜும்மாவுக்கு நேரமாகுது, ஹியூபேட். ரெண்டு ஸ்குரூ, ஒரு பிளக். ஒங்களுக்கு ஏலும். கடை தொறந்துதான் கிடக்கும்."

12.10க்கு அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்தத் தெரு முழுக்க வெறிச்சோடியது. தகரக் கூரையில் மழை. வானுக்குள் பின் சீற்றில் பிறிஜெற் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தா.

ஹியூபேட் இடது பக்கக் கதவைத் திறந்து, முன் சீற்றின் கால்வைக்கும் இடத்தில் முழங்காலில் இருந்தார். டாஷ்போட் பெட்டியைக் கழற்றினார். தலையை உள்ளே விட்டு ரோச் லைட்டை வாயில் கடித்துக்கொண்டார். முதல் ஸ்குரூ உடனே வந்தது. இரண்டாவது கறள், துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. ஸ்குரூட்றைவர் வழுக்கி வழுக்கி அதன் தலை தேய்ந்துபோனது. குறட்டால் பிடித்தார். வழுக்கியது. விரல் கிழிந்து இரத்தம் வந்தது. 12.25... 12.30... பின்னால் அருள்நிறை மரியே, அருள்நிறை மரியே என்று குரல் வேகமாகிக்கொண்டே போனது.

12.41க்குக் கழன்றது. பிளக்கை இழுத்து எடுத்தார். பழைய மொடியூல் கையில் வந்தது. ஒரு பக்கம் கறுத்து உருகியிருந்தது.

அப்போதுதான் காற்று வந்தது.

முகத்தில். குளிராக.

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுகிற திறப்பு அவருடைய சட்டைப் பையில். எஞ்சின் நிற்கிறது. பிளக் அந்தரத்தில் தொங்குகிறது. மொடியூல் கையில் இருக்கிறது. புளோவர் ஓட வழியே இல்லை. ஆனால் காற்று வருகிறது. சேற்றுத் தண்ணீர் மணம் அதில். வந்தது... நின்றது. வந்தது... நின்றது.

மோட்டர் சத்தம் கேட்கவில்லை. அது ஊதுகிற காற்றே இல்லை. இழுத்து விடுகிற காற்று.

ஹியூபேட் தலையை வெளியே எடுத்தார். பின் சீற்றில் செபமாலை நின்றிருந்தது.

"என்ன தம்பி?"

"ஒண்டுமில்லை அக்கா."

வேறு என்ன சொல்வது? நாலு மணிக்குள் போகவேண்டும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தலையை உள்ளே விட்டார். காற்று நின்றிருந்தது. மற்ற மொடியூலை வைத்து, பிளக்கைக் குத்தி, ஒரு ஸ்குரூவை மட்டும் இறுக்கினார். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் குமிழைத் திருப்பினார். புளோவர் நன்றாக ஓடியது. கண்ணாடி இரண்டு நிமிஷத்தில் பளிச்சென்று ஆனது. 1.05க்கு வெளிக்கிட்டார்கள்.

காலி வீதி. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி. வெள்ளவத்தையில் சிவப்பு லைட் விழுந்தது. நோபேட்டைப் பிடித்த லொட்ஜ் இருக்கிற ஒழுங்கை இடது பக்கம். பிறிஜெற் அந்தப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டா. மணி 1.32.

பச்சை விழுந்து வான் நகர்ந்தபோது ஹியூபேட் அதைக் கண்டார்.

முன்கண்ணாடி முழுக்கக் காய்ந்திருக்கிறது. இடது பக்கத்தில் மட்டும் ஒரு புகார் வட்டம். ஒரு தேத்தண்ணிக் கோப்பைத் தட்டு அளவு. முன் சீற்றில் ஒருவர் குனிந்து இருந்தால் முகம் வருகிற உயரம். முன் சீற் வெறுமை.

எட்டித் துணியால் துடைத்தார். போனது.

திரும்ப வந்தது.

காற்றைக் கூட்டினார். கடைசி நம்பர்வரை. வட்டம் சுருங்கியது... விரிந்தது. சுருங்கியது... விரிந்தது.

தன் மூச்சை அடக்கிப் பார்த்தார். அது நிற்கவில்லை.

தெஹிவளை தாண்டியபோது பின்னால் இருந்து பிறிஜெற்றின் குரல் வந்தது. நித்திரைக் குரல். "காத்தைக் குறை தம்பி. அவனுக்கு இழுப்பு வந்திரும்."

"ஆருக்கு அக்கா?"

பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தார். பிறிஜெற் தலையைச் சாய்த்துக் கண்ணயர்ந்திருந்தா. மூன்று நாளாகத் தூங்காத மனுசி.

ஹியூபேட் காற்றைக் குறைத்தார்.

மொறட்டுவை கழிந்து ஒரு பாலத்தடியில் சென்றி. மணி 2.35. இரண்டு ஆமிக்காரர். ஒருவன் குடை பிடித்தான், மற்றவன் கொப்பியோடு வந்தான். வாகன நம்பர் எழுதினான். ஹியூபேட்டின் அடையாள அட்டையை வாங்கி எழுதினான். பின் கதவைத் திறக்கவைத்து பிறிஜெற்றின் அட்டையை எழுதினான்.

பிறகு சுற்றி இடது பக்கம் வந்தான். முன் கதவுக் கண்ணாடியை விரலால் தட்டினான்.

ஹியூபேட் பட்டனை அழுத்திக் கண்ணாடியை இறக்கினார். மழை உள்ளே அடித்தது.

"நம?" பேர் கேட்டான்.

"ஹியூபேட்..." என்று இவர் தொடங்க, அவன் கையைக் காட்டி நிறுத்தினான். உன்னை இல்லை என்பதுபோல.

வெறும் சீற்றைப் பார்த்தபடி தலையைச் சாய்த்துக் கேட்டான்.

எழுதினான்.

திரும்பவும் ஏதோ கேட்டான். எழுதினான். நிறைய நேரம் எழுதினான்.

"ஹரி. யன்ன." போகச் சொன்னான். குடைக்காரனிடம் மெதுவாகச் சொன்னான், "துன்தெனாய்."

ஹியூபேட்டுக்குச் சிங்களம் தமிழ் மாதிரி. காது பிழைக்கவில்லை.

மூன்று பேர்.

அவர் இடது பக்கம் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை. வீதியை மட்டும் பார்த்து ஓட்டினார். கடைக்கண்ணில் அந்த வட்டம்.

சுருங்கியது... விரிந்தது.

களுத்துறை தாண்டி உள்வீதி. மூச்சு வேகமாகியது. மாடிப்படி ஏறி ஓடி வந்தவனின் மூச்சு மாதிரி.

ஒரு வளைவு. இடது பக்கம் தென்னங்காணி, ஆற்றங்கரை வரைக்கும் திறந்து கிடந்தது.

வட்டம் ஒரு தரம் பெரிதாய் விரிந்தது.

சுருங்கியது.

சுருங்கியது...

இல்லை.

ஹியூபேட் காத்திருந்தார். திரும்ப வரவில்லை. மணி 3.10.

3.25க்கு முகாம் வாசலில் நின்றார்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைப் பொலித்தீன் பையோடு பிறிஜெற் நீட்டினா. உள்ளே போய் வந்த காவல்காரன், அப்படி ஒருத்தர் இங்கே கொண்டுவரப்படவே இல்லை என்றான். ஆறரை வரைக்கும் மழையில் நின்றார்கள். இருட்டில் திரும்பி வந்தார்கள். வழி முழுக்க முன்கண்ணாடி சுத்தமாக இருந்தது. பாலத்தடியில் இரண்டு பேர் என்று எழுதினார்கள். ஹியூபேட் பிறிஜெற்றிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தத் தாயிடம் எப்படிச் சொல்வது?

நாலு மாதம் கழித்து, பிறிஜெற் கொடுத்த முறைப்பாட்டை விசாரிக்கக் கூப்பிட்டார்கள். ஹியூபேட்டும் சாட்சிக்குப் போனார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி ஒரு தாளைத் திருப்பி வைத்தார். பாலத்தடி சென்றிக் கொப்பியின் பிரதி. வாகன நம்பர். நேரம் 2.35. மூன்று பேர்.

முதலாவது ஹியூபேட். இரண்டாவது பிறிஜெற்.

மூன்றாவது நோபேட். முழுப் பேர். பக்கத்தில் அடையாள அட்டை நம்பர். அந்த நம்பர் பெற்ற தாய்க்கே பாடமில்லை. கடை முதலாளியிடம் இருந்த பிரதியோடு பிறகு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்பது இலக்கமும் கடைசி எழுத்தும் சரி.

"புதன்கிழமை விடிய நாங்கள் பிடிச்சது எண்டு சொல்றீங்கள்" என்றார் அதிகாரி, பொறுமையாக. "வெள்ளிக்கிழமை அவர் உங்களோட வானில போயிருக்கிறார். அப்ப எங்களிட்ட இல்லைத்தானே."

முறைப்பாட்டுக் கோப்பை மூடினார். பிறகு ஹியூபேட்டைப் பார்த்தார்.

"நீதானே ட்றைவர். அவனை எங்க இறக்கினாய்?"

இரண்டு நாள் வைத்து அதையே கேட்டார்கள். எங்கே இறக்கினாய்? ஹியூபேட்டுக்கு இடமும் தெரியும், நேரமும் தெரியும். சொல்லவில்லை. நான் ஒருத்தரையும் இறக்கவில்லை என்றே சொன்னார். மூன்றாம் நாள் விட்டார்கள்.

வாசலில் பிறிஜெற் நின்றா. வானின் நீலப் பெயின்றில் கையை ஊன்றிக்கொண்டு. சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"அவன் எங்க தம்பி இறங்கினவன்?"

அவர் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். அவ அழவில்லை. முன் கதவைத் திறந்து ஏறி இருந்தா.

அன்றைக்கே போனார்கள். அந்த வளைவு, அந்தத் தென்னங்காணி. ஆனால் இறங்கிப் போக முடியவில்லை. வீதி ஓரம் முழுக்க ஆள் உயர முள்ளுக்கம்பி வேலி. உள்ளே வரத் தடை என்று மூன்று மொழியிலும் பலகை. எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை. வேலி எப்போது அடித்தது என்று ஹியூபேட் சிங்களத்தில் கேட்டார்.

கடைக்காரர் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"போன ஒக்டோபர். ஒரு வெள்ளிக்கிழமை. நல்ல மழை. மழை விடுமட்டும்கூட நிக்கேல்ல, மூண்டரை மணி போல ஆமி லொறியில வந்து அவசர அவசரமா அடிச்சிட்டுப் போனாங்கள்."