முன்வரிசையில் மூவர்

புலம்பெயர் தமிழனான யூட் ஓல்போர்க் நகரில் பஸ் ஓட்டுகிறான். நாற்பத்தாறு வயது. வாரத்தில் இரண்டு மாலை ஒரு சிறிய நடனக் குழுவில் ஆடுவான். சென்ற ஆண்டு அந்தக் குழு சைலஸ் மெரிட்டின் நினைவாக ஒரு நடனம் தயாரித்தது. மெரிட் அமெரிக்காவிலிருந்து வந்து இந்த ஊரிலேயே இறந்துபோன கறுப்பின இசையமைப்பாளர். ஆண்களைக் காதலித்து, அதை ஒளித்தே வாழ்ந்தவர். அவர் உயிரோடிருந்தவரை அவருடைய இசையை எவரும் மேடையேற்றவில்லை.

மெரிட்டின் கடைசி இசைக்கு ஒருவர் தனியே ஆட வேண்டும். அது தனக்குத்தான் என்று யூட் நம்பியிருந்தான். ஒளித்து வாழ்வது என்னவென்று அவனுக்குத் தெரியும். லார்ஸோடு பதினொரு வருடமாகக் குடும்பம் நடத்துகிறான். ஸ்கீவ ஊரில் இருக்கும் தன் அம்மாவுக்கு லார்ஸ் வெறும் அறைத்தோழன்.

தனியாட்டம் குழுவில் இருந்த இருபத்து நாலு வயதுக் கபிலனுக்குப் போனது. அவன் நன்றாகத்தான் ஆடினான். அதுதான் யூட்டுக்கு எரிந்தது.

ஒருநாள் ஒத்திகை முடிந்து கபிலன் வந்தான். "யூட் அண்ணை, அப்பாவுக்கு மெரிட்டைப் பற்றிச் சொல்லவேணும். என்ர தமிழ் காணாது. நீங்கள் ஒருக்கா கதைக்கிறீங்களோ?"

யூட் உடனே ஒத்துக்கொண்டான். தகப்பன் கோபப்பட்டு மகனை மறித்தால் தனியாட்டம் தன்னிடம் வரும் என்று நினைத்தான். சனிக்கிழமை வீட்டுக்கே போய்க் கபிலனின் அப்பா சண்முகலிங்கத்திடம் கொஞ்சம் அழுத்தியே சொன்னான்.

"ஆம்பிளையளோட வாழ்ந்த மனுசன் அண்ணை. கபிலன் ஆடுறது அந்தக் காதலைத்தான்."

சண்முகலிங்கம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "ஓம் தம்பி. கபிலனும் அப்பிடித்தான். பதினெட்டு வயசில சொன்னவன். நானும் மனுசியும் ஒரு வருசம் அவனோட சரியாக் கதைக்கேல்லை. பிறகு பார்த்தம், எங்கட பிள்ளைதானே." கோப்பையை மறுபடி எடுத்தபடி, "உங்கட அம்மாவும் பாக்க வாறாவோ?" என்று கேட்டார்.

"அவவுக்கு முழங்கால் வருத்தம்" என்றான் யூட்.

நிகழ்ச்சியன்று முன்வரிசையில் சண்முகலிங்கமும் மனைவியும் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் கபிலனின் காதலன் மத்தியாஸ். தமிழர்கள் வருவார்கள் என்று யூட் சொல்லியிருந்ததால் லார்ஸ் கடைசி வரிசையில் இருந்தான்.

கபிலன் ஆடி முடித்தபோது அவன் அம்மா மத்தியாஸின் கையைப் பிடித்தபடி அழுதார். திரையோரத்தில் நின்ற யூட் அந்தக் கையையே பார்த்தான். தனியாட்டம் கைவிட்டுப் போனபோதுகூட அவனுக்கு இப்படி எரியவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் தான் செய்யப் பார்த்ததை லார்ஸிடம் சொன்னான்.

"அந்த அப்பா வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால்?" என்றான் லார்ஸ்.

அடுத்த ஞாயிறு ஸ்கீவவுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் எழுந்து செபமாலையை எடுத்தார். ஆறு மாதமாகிறது. தொலைபேசியில் மழையையும் குளிரையும் பற்றி மட்டும் கதைக்கிறார். கபிலனைக் கண்டால் யூட்டுக்கு இன்னும் எரிகிறது.