ஏழாம் அறைக்காரர்

சொந்த ஊரில் வீடு வாசல் இருக்கும்போது கூப்பிடு தூரத்திலேயே ஒரு விடுதியில் வாடகை கொடுத்துத் தங்குகிற மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பெயர் இலாரியோன் கோல்க்கே. எங்கள் மலையூர் போட்டோசியில் அவருக்கு வீடு இருந்தது, வீட்டில் கசிமிரா என்ற மனைவி இருந்தாள், அடுப்பில் சூப் இருந்தது. இருந்தும் மனிதர் மாதம் ஒருமுறையாவது இரண்டு தெரு நடந்து என் விடுதிக்கு வந்து ஏழாம் அறையின் சாவியைக் கேட்பார்.

"என்ன, சண்டையா?" என்று முதல் தடவை கேட்டேன். அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

"சண்டையெல்லாம் இல்ல, தோன்யா எலோடியா. சுவரு கிட்ட கிட்ட வர்ற மாதிரி இருக்கு. ரெண்டு நாள் இங்க இருந்துட்டுப் போறேனே."

"என் சுவரும் சுவருதான்."

"ஆனா இது என் சுவர் இல்லையே."

'தோன்யா', அதாவது 'அம்மா', என்று மரியாதையாகக் கேட்டுவிட்டார். சாவியைக் கொடுத்தேன். என் விடுதியைப் பற்றிப் பெருமையடிக்க ஒன்றுமில்லை. வாசல் நிலை மட்டும் வெள்ளி கொழித்த காலத்துக் கல் வேலை. அதைப் படம் பிடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் உள்ளே வந்து தங்குவதில்லை. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், மாடியில் நடந்தால் முனகுகிற பலகை நடை. குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் தொட்டால் சில நாள் கரண்ட் அடிக்கும். கம்பளி மட்டும் அசல் லாமா மிருகத்தின் ரோமம், மேலே போட்டால் திரும்பிப் படுக்க முடியாத கனம். சந்தைக்கு வருகிற வியாபாரிகள், சுரங்கத்தில் வேலை தேடி வருகிறவர்கள், சுரங்கத்தை வேடிக்கை பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள், இவர்கள்தான் என் வாடிக்கை. இவர்களோடு இலாரியோன்.

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் அவர். செர்ரோ மலையில் சுரங்கவேலைக்குப் போனார், நின்றார். முடிவெட்டினார், நின்றார். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தார், லாரியில் போய் உயூனியில் உப்பு ஏற்றினார், ஒரு பேண்டு குழுவில் பெரிய மேளம் அடித்தார். எதிலும் கெட்ட பெயர் கிடையாது. காலையில் வேலைக்குப் போகிறவர் அப்படியே அடுத்த ஊருக்குப் போய்விடுவார், அவ்வளவுதான். விடுதி அறையில்கூடச் சும்மா இருக்க மாட்டார். கட்டிலை ஜன்னலோரம் இழுப்பார், பிறகு கதவோரம் இழுப்பார். கீழே உட்கார்ந்திருக்கிற எனக்கு மண்டை காயும்.

கசிமிரா மூடிபோட்ட கிண்ணத்தில் சூப் கொண்டுவந்து என் மேசைமேல் வைப்பாள். மாடி ஏற மாட்டாள். "சூடா இருக்கும்போதே குடிக்கச் சொல்லு" என்பாள், போய்விடுவாள். அவர் ஊரில் இல்லாத நாட்களில் அவள் ஜன்னலில் உட்கார்ந்திருப்பதைத் தெருவே பார்க்கும். எனக்கு வயிறு எரியும். "ஏன்டி, உனக்கு ரோஷமே கிடையாதா?" என்று ஒருநாள் கத்திக்கூட விட்டேன். அவள் கிண்ணத்தின் மூடியைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

அப்புறம் அந்தப் பேருந்து. எல்லை தாண்டி அர்ஜென்டினாவில் கரும்பு வெட்டப் போகிறேன் என்று ஏறினார். மலையிறக்கத்தில் பேருந்து ஆற்றுக்குள் போய்விட்டது. மழைக்காலம், வெள்ளம். பல உடல்கள் கிடைக்கவே இல்லை. இலாரியோனின் பையும் அதில் மடித்து வைத்திருந்த கோட்டும் கிடைத்தன. கோட்டைக் கசிமிரா கையில் வாங்கியபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவள் அழவில்லை. கோட்டின் பித்தான் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை அன்றைக்கே தைத்துவிட்டுத்தான் கறுப்பு உடுத்தினாள்.

எங்கள் ஊரில் செத்தவர்களுக்கு மூன்று வருஷம் மேசை போடுவோம். நவம்பர் முதல் தேதி மணி பன்னிரண்டுக்கு ஆத்துமா வீட்டுக்கு வரும். மறுநாள் அதே பன்னிரண்டுக்குக் கிளம்பிவிடும். அது இறங்கி வர ரொட்டியில் ஏணி, ஊன்றிக்கொள்ளக் கரும்பு, தாகத்துக்குச் சோளக்கள், அதன் முகம் வைத்த ரொட்டிப் பொம்மை. தெரிந்தவர் தெரியாதவர் யாரும் வந்து ஜெபம் சொல்லலாம். சொன்னவர்களுக்குத் தட்டு நிறைய ரொட்டி கொடுக்க வேண்டும். மூன்றாவது வருஷம் அனுப்பிவைத்தால் முடிந்தது. அதன் பிறகு அந்த ஆத்துமாவுக்கு வீட்டில் மேசை கிடையாது, வீட்டுக்காரிக்குக் கறுப்பும் கிடையாது.

இலாரியோனுக்கு மூன்றாவது வருஷம், நவம்பர் முதல் தேதி. நான் முற்றத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். கோயிலில் பன்னிரண்டு மணி அடிக்கத் தொடங்கியது. கடைசி மணி அடங்கும்போது நிமிர்ந்து பார்க்கிறேன், வாசலில் இலாரியோன் நிற்கிறார். முகம் மண் நிறம், உதடு நீலம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார்.

நான் பயப்படவில்லை. அந்த நாளில் அந்த மணிக்கு வர வேண்டியவர்தானே வந்திருக்கிறார்? எனக்கு வந்தது கோபம். செத்த பிறகுமா வீட்டுக்குப் போகாமல் விடுதிக்கு வருவது? ஆத்துமா தாகத்தோடு வரும் என்பதால் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார்.

"வீட்டுல மேசை போட்டு வெச்சிருக்கா. அங்க போங்க" என்றேன்.

"தெரியும். ஏழாம் நம்பர் காலியா இருக்கா?"

தலையில் அடித்துக்கொண்டு சாவியைக் கொடுத்தேன். வெள்ளைக்காரர்கள் ஏறுவது போல நின்று நின்று மாடி ஏறினார். வெகுதூரம் நடந்து வந்த களைப்பு, பாவம், என்று நினைத்துக்கொண்டேன். அவருக்காக ஒரு அருள்நிறை மரியே மந்திரம்கூடச் சொன்னேன். பாதி மந்திரத்தில் மாடியிலிருந்து ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆத்துமா வாந்தி எடுக்குமா? விளக்குமாற்றோடு மாடிக்கு ஓடினேன். வாளியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நீர் சாகலையா?"

"மூணு வருஷமா கீழ வெக்கைக் காட்டுல இருந்துட்டேன், தோன்யா. மலை ஒத்துக்க மாட்டேங்குது. தலை பொளக்குது."

போட்டோசியில் பிறந்து சுரங்கத்தில் இறங்கியவனுக்கு மலை ஒத்துக்கொள்ளவில்லையாம்! விளக்குமாற்றால் நாலு சாத்தலாம் என்று வந்தது. ஆனாலும் என்ன செய்ய, மலையில் மூச்சு முட்டுகிறவர்களுக்குக் கொடுக்கிற கோக்கா இலையைப் போட்டுக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தேன். குடித்துக்கொண்டே சொன்னார். சாப்பாட்டுக்குப் பேருந்து நின்ற இடத்தில் இறங்கியவருக்கு மறுபடி அதற்குள் போய் உட்கார மனம் வரவில்லையாம். ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பேருந்து போய்விட்டது. மறுநாள் ஒரு கடை வானொலியில் சேதி கேட்டாராம்.

"உடனே சொல்லி அனுப்பணும்னுதான் நெனச்சேன். நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். அப்புறம் அதுக்கு மறுநாள். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? யாரும் தேடாத ஆளா இருந்தா நிம்மதியா இருக்கும்னு பார்த்தேன். இல்ல. அங்கயும் கட்டிலை இழுத்துப் போட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன்."

"இப்ப எதுக்கு வந்தீர்?"

"நாளைக்கு மதியம் அவ அனுப்பி வெச்சிட்டான்னா அவ்வளவுதானே? அதுக்கப்புறம் எனக்கு எங்கயும் மேசை கிடையாது." கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "நீங்க போய்ப் பேசுங்க. நான் உள்ள வரலாமான்னு மட்டும் கேளுங்க. மணி அடிக்கிறதுக்குள்ள கேளுங்க."

அன்று என் விடுதியில் யாரும் தூங்கவில்லை. மேலே பலகை நடை முனகிக்கொண்டே இருந்தது. கட்டில் ஜன்னலுக்குப் போனது, கதவுக்கு வந்தது. பக்கத்து அறை வெள்ளைக்காரி கண் சிவக்க வந்து, இரண்டு விரலை மேசைமேல் நடக்கவிட்டுக் காட்டி, கையைக் காதில் வைத்துத் தூங்குவது போலச் சாய்ந்து காட்டினாள். "அவரு செத்துப்போனவரு, அப்படித்தான் இருப்பாரு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை, நல்லவேளை.

விடிந்ததும் கசிமிரா வீட்டுக்குப் போனேன். கறுப்புத் துணி விரித்த மேசை. நடுவில் இலாரியோனின் படம். அதன் முன்னால் மீசை வைத்த ரொட்டிப் பொம்மை. ஜெபம் சொல்ல வந்த ஒரு கூட்டம் அப்போதுதான் எழுந்து போயிருந்தது. கசிமிரா துணியில் சிந்திய துகள்களைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்து மணி அடிச்சதும் ஒரு ஈ வந்துச்சு, எலோடியா. கொழுத்த ஈ. ஏணி மேல உக்காரும், கரும்புக்குப் போகும், கள்ளுல விழப் பார்க்கும். ஒரு இடத்துல நிக்கல. அவருதான், அவரேதான்னு எல்லாரும் சிரிச்சாங்க."

"கசிமிரா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"உன் விடுதியில ஏழாம் நம்பர்ல இருக்காரு. அதானே?" துகள்களை உள்ளங்கையில் சேர்த்தாள். "ரொட்டிச் சூளைக்காரி பேருந்து நிலையத்துல பார்த்திருக்கா. நேத்தே ஓடிவந்து சொல்லிட்டா."

தெரிந்துகொண்டா இந்த மேசையின் முன் உட்கார்ந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ரொட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்?

"உயிரோட இருக்காருடி!"

"இருக்கட்டும். நாளைக்கு எங்க இருப்பாரு? சொல்லு பார்ப்போம்."

யாரால் சொல்ல முடியும்?

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இவரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாது. சாப்பிட்டாரா தெரியாது, படுத்தாரா தெரியாது. நாய் குரைச்சா எந்திரிப்பேன், லாரி சத்தம் கேட்டா எந்திரிப்பேன். இந்த மூணு வருஷமாத்தான் எலோடியா, அவரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சதும் தூங்கினேன். தூக்கம்னா என்னன்னே அப்பத்தான் தெரிஞ்சுது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஜெபம் சொல்ல வந்தா கதவு திறந்துதான் கெடக்கு. யாரையும் நான் தடுக்கிறதில்ல. இதையே அவருகிட்டப் போய்ச் சொல்லு."

சொன்னதைச் சொன்னபடியே வந்து சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் முதல்முறையாக இரக்கம் வந்தது. கதவு திறந்திருக்கிறது என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்திருந்தது. குளிர்ந்த தண்ணீரிலேயே முகம் மழித்தார். கன்னத்தில் ரத்தம் வந்தது. அவரைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் கூடவே நடந்தேன். இரண்டு தெருவுக்குள் நாலு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குள் அக்கம்பக்கத்தார் நிறைந்திருந்தார்கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவர் உள்ளே நுழைந்ததும் அத்தனை தலையும் குனிந்துகொண்டது. பேயைப் பார்த்ததுபோல நின்றது பேயாக வந்தவர்தான். தன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்க" என்றாள் கசிமிரா. தெரியாதவரிடம் பேசுகிற மரியாதை அது. "எங்க வீட்டுக்காரருக்காக ஒரு ஜெபம் சொல்லுங்க."

விசுப்பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தார். பரலோக மந்திரத்தைச் சரியாகச் சொன்னார். முடிவில் ஆத்துமாவின் பெயரைச் சொல்ல வேண்டும். "இலாரியோன் கோல்க்கேயின் ஆத்துமா…" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திப் படத்தைப் பார்த்தார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. கசிமிரா காத்திருந்தாள். "…இளைப்பாறட்டும்" என்றார் கடைசியில்.

"ஜெபம் ஏற்கப்படட்டும்" என்றாள் கசிமிரா. தட்டில் ரொட்டி அடுக்கினாள், பழம் வைத்தாள். பிறகு மேசையின் நடுவுக்குக் கை நீட்டி அந்த மீசை வைத்த பொம்மையை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கொடுத்தாள். அது யாருக்கும் கொடுக்கிற பொம்மை இல்லை. அறையில் ஒரு பெண் விசும்பினாள்.

"கசிமிரா…" என்றார் அவர்.

கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. எல்லோரும் எழுந்தார்கள். கசிமிரா அவர் முகத்தை நேராகப் பார்த்தாள், வந்ததிலிருந்து முதல்முறையாக. ஆத்துமாவை அனுப்பும்போது வீட்டுக்காரி சொல்கிறதை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

"சாப்பிட்டீங்க, குடிச்சீங்க. உங்களுக்கு ஒரு குறையும் வெக்கல. மனசு நெறஞ்சு போங்க. திரும்பிப் பார்க்காம போங்க."

மணி நின்றது. பெண்கள் கறுப்புத் துணியின் நாலு முனையையும் பிடித்து மேசையைக் கலைத்தார்கள். கசிமிரா தோளிலிருந்த கறுப்புச் சால்வையை எடுத்து மடித்தாள். தட்டோடு நின்ற மனிதரைச் சுற்றிக்கொண்டு எல்லோரும் வேலை செய்தார்கள். பிறகு வெளியே போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அங்கே பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு விடுதிக்கு வந்தபோது சாவி மேசைமேல் இருந்தது.

வெயில் இறங்குகிற நேரத்தில் கசிமிரா வந்தாள். கறுப்பில்லாமல் அவளைப் பார்க்க எனக்கே புதிதாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக என் மாடிப்படி ஏறினாள். ஏழாம் அறையில் கட்டில் நடு அறையில் கிடந்தது, எந்தச் சுவரோடும் சேராமல். தலையணைமேல் அந்த ரொட்டிப் பொம்மை. முகம், மீசை, கை எல்லாம் அப்படியே இருந்தன. கால் இரண்டும் இல்லை.

"காலைத் தின்னுட்டுப் போயிருக்காரு பாரு" என்று சிரித்தாள். சிரித்தபடியே கட்டிலில் உட்கார்ந்து கம்பளியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மூன்று வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"எந்தப் பக்கம் போனாரு?" என்று கேட்டாள்.

"நான் பார்க்கலடி."

"கீழ யாரையும் கேட்டியா?"

"கேக்கல."

"கேக்காத, எலோடியா." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னைக்குமே கேக்காத. எந்தப் பக்கம்னு தெரிஞ்சா அதையே பார்த்துக்கிட்டு நான் மறுபடியும் ஜன்னல்ல உக்காந்துடுவேன்."