உள்ளேன் டீச்சர்

இரண்டு கண்ணிலும் புரை என்று எழும்பூர் ஆஸ்பத்திரியில் சொன்னது 1971 ஜூலையில். “இன்னும் முத்தலைம்மா. முத்தினதும் வாங்க, எடுத்துடலாம். மாத்திரைக்கெல்லாம் இது கரையாது” என்றார் டாக்டர். ரத்தினபாய் டீச்சர் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். முத்தவே விடாமல் நிறுத்திவிட்டால்? அவருடைய அக்கா புஷ்பம் ஆபரேஷன் செய்துகொண்டு ஒரு கண்ணைப் பறிகொடுத்தவர். போதாததற்கு, ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. கண் தெரியாத டீச்சரைத் தாம்பரத்தில் எந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளும்?

தையல் டீச்சர் லோகநாயகி வழி காட்டினார். “விட்டமின் ஏ, சி, ஈ. மூணையும் விடாம சாப்பிடுங்க அக்கா. எங்க மாமனாருக்குப் புரை அப்படியே நின்னுடுச்சு.” மாமனார் இப்போது பேப்பர் படிக்கிறாரா என்று கேட்க ரத்தினபாய்க்குத் தோன்றவில்லை.

அன்றோடு நிம்மதி போயிற்று. மாத்திரை தொண்டையில் இறங்கியதுமே சோதனை ஆரம்பித்துவிடும். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டர் தேதி. மற்றதைப் பொத்திக்கொண்டு எதிர்வீட்டு முருங்கை மரம். நேற்றைவிடத் தெளிவா, மங்கலா? பீர்க்கன்கரணை ஸ்டாப்பில் பஸ் நம்பர் தெரியாது. “ஒரே தூசி” என்று ஜி.எஸ்.டி. ரோட்டைத் திட்டுவார். மனுஷி தன்னைத்தானே படுத்திக்கொண்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

ஒரே ஆறுதல் அட்டெண்டன்ஸ். ஐந்தாம் வகுப்பு ‘பி’யின் முப்பத்தெட்டுப் பெயரையும் தடங்கலில்லாமல் வாசித்துவிடுவார். “உள்ளேன் டீச்சர்” என்று ஒவ்வொரு குரலாக வரவர, மருந்து வேலை செய்கிறது என்று மனசு லேசாகும். ஜூனிலிருந்து தினமும் கூப்பிடும் பெயர்கள், கண்ணை மூடிக்கொண்டாலும் வாயில் வரும் என்பது அந்தப் படித்த மூளைக்கு எட்டவே இல்லை.

ஜனவரியில் ஒரு திங்கள்கிழமை, தலைமையாசிரியை ஜீவரத்தினம் ரெஜிஸ்டரோடு வகுப்புக்கே வந்துவிட்டார்.

“டீச்சர், தனம் டி.சி. வாங்கிட்டுப் போய்ப் பத்து நாளாச்சு. நானே அவ பேரை சிவப்பு மையில அடிச்சு, சர்க்குலரும் அனுப்பினேன். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்புறமும் தினம் வந்ததா குறிச்சிருக்கீங்களே?”

படிக்காமலே கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் டீச்சருக்கு ஞாபகம் வந்தது. தனம் உட்காரும் கடைசி பெஞ்சைப் பார்த்தார். வெறும் புகை. “ஆனா குரல் வந்துதே மேடம்” என்றார்.

முதல் பெஞ்சிலிருந்து ஞானசௌந்தரி எழுந்தாள்.

“நாங்கதான் டீச்சர். முதல் நாள் நீங்க தனம், தனம்னு மூணு தடவை கூப்பிட்டீங்க. சிவப்புக் கோடு எனக்கு இங்கேருந்தே தெரிஞ்சுது. உங்களுக்குத் தெரியலை. பாவமா இருந்துது. அதான் தினம் ஒருத்தியா முறை வெச்சு உள்ளேன் சொன்னோம்.”

ரத்தினபாய்க்கு அவமானத்தில் காது சுட்டது. கூடவே அந்தப் பிள்ளைகளை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. கைப்பையில் மாத்திரை பாட்டில் கைக்குத் தட்டுப்பட்டது. அதை எடுக்காமல் பையை மூடினார்.

“முத்திடுச்சு மேடம்” என்றார். பிறகு, “ஞானம், ஒரு வெள்ளைத்தாள் எடு. லீவு லெட்டர். ஆபரேஷனுக்குன்னே எழுது, நான் சொல்றேன்.”

கையெழுத்தை மட்டும் அவரே போட்டார். அது பார்க்காமலே வரும்.