மூலையைப் பிடிங்க

“இந்த மூலையைப் பிடிங்க.”

சண்டைக்கு வந்தவரின் இரண்டு கைகளிலும் படுக்கை விரிப்பின் நுனிகளைத் திணித்துவிட்டு, மறுமுனையோடு அக்கா பின்னால் நடக்கிறார். வந்தவர் வாயைத் திறப்பதற்குள் ஓர் உதறல். அப்புறம் மடிப்பு. மடிப்பதற்கு இருவரும் எதிரெதிரே நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். ஒரு சாண் தூரத்தில் இருக்கும் முகத்தைப் பார்த்து எவ்வளவு நேரம்தான் கத்த முடியும்?

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் சலவைப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. ஐம்பது வயது, காதோரம் நரை, தோளில் எப்போதும் நாலு ஊக்கு. அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். மேலே வார்டில் யாருக்கு யார்மேல் கோபம் வந்தாலும் அது படியிறங்கி இங்கேதான் வரும். தலையணை உறை வரவில்லை, துண்டு போதவில்லை, கோட்டுப் பையில் இருந்த பேனாவைக் காணோம். பேனாக்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார். மேலே வார்டில் வேலை பார்க்கும் நானும் என் பேனாவுக்காக எகிறிக்கொண்டு போனவன்தான். ஏழு விரிப்பு மடித்துக் கொடுத்துவிட்டு, பேனாவை மறந்து திரும்பினேன்.

“கை சும்மா இருக்கிறதாலதான் தம்பி, வாய் இந்தப் போடு போடுது” என்பது அவர் கட்சி.

ஸ்டோர் மேனேஜரிடம் மட்டும் இந்த வைத்தியம் பலிக்கவில்லை. அவர் விரிப்பைத் தொடவே மாட்டார். அவர் வாய்க்குப் பயந்து ஒரே வருஷத்தில் மூன்று பேர் வேலையை விட்டுப் போனார்கள். போன வாரம் விரிப்புகளில் பழுப்புக் கறை என்று வந்து, இஸ்திரி போடும் பெண்ணைப் பத்துப் பேர் நடுவே, “உனக்கெல்லாம் மூளைன்னு ஒண்ணு இருக்கா?” என்று கேட்டுவிட்டார். ஆறு வருஷமாக, ஒரு கால் குட்டையாக இருந்து ஆடும் மேசையில் முணுமுணுக்காமல் வேலை பார்ப்பவள். வீட்டில் அவள் சம்பளத்தை நம்பி இரண்டு பிள்ளைகள். மறுநாள் ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நின்றாள்.

“சாயங்காலம் வரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்” என்று அக்கா கடிதத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறந்த பேனாவுக்காக அன்றைக்கு நான் மறுபடி அங்கே போயிருந்தது என் யோகம். பதினோரு மணிக்கு மேனேஜர் கத்திக்கொண்டே வந்தார்.

“மூலையைப் பிடிங்க சார்.”

“நான் மேனேஜர்மா!”

“அதனால என்ன? உங்களுக்கும் ரெண்டு கைதானே?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் பிடித்தார். உதறினார்கள், நடந்தார்கள், மூலை சேர்ந்தது. அக்கா குரலை உயர்த்தவே இல்லை.

“கறைக்குக் காரணம் குழாய்த் துரு. மாத்தித் தரச் சொல்லி உங்களுக்கே மூணு தடவை எழுதிக் குடுத்திருக்கேன். திட்டு வாங்கினது அவ. எல்லார் முன்னாடியும் திட்டினீங்க, எல்லார் முன்னாடியும் வாபஸ் வாங்குங்க. இல்லேன்னா நாளைக்கு நாங்க எட்டுப் பேரும் லெட்டர் குடுக்கிறோம்.”

மேனேஜர் கை தளர்ந்து விரிப்பு தரையில் விழுந்தது. எட்டுப் பேரும் வேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

“தப்பு என்மேலதான்மா” என்றார், இஸ்திரிப் பெண்ணைப் பார்த்து. “அப்படிப் பேசியிருக்கக் கூடாது. குழாயை இந்த வாரமே மாத்திடறேன்.”

எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. தட்டியும்விட்டேன். மேனேஜர் விழுந்த விரிப்பை எடுத்து அழுக்குக் கூடையில் போட்டுவிட்டுப் படியேறினார்.

இஸ்திரிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அக்கா, அந்த லெட்டர்?”

அக்கா இடுப்பிலிருந்து அதை எடுத்து, மூலையோடு மூலை சேர்த்து நாலாக, எட்டாக மடித்தார். குனிந்து மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார். உள்ளங்கையால் மேசையை ஓங்கி ஓர் அழுத்து அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை.